ஆன்தோனெத் அம்மாவின் தக்கைத் தரை

நெரவிக் கொத்தனார் சோமசேகரன் போட்ட தரையில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாது என்று காரைக்கால் முழுக்கச் சொல்வார்கள். அதைக் கேட்டு அடக்கமாகச் சிரித்துவிட்டுப் போகிற ஆளில்லை அவர். "வச்சுத்தான் பாருங்களேன்" என்பார். பூசிய சிமெண்டைச் சுற்றிக் கரை கட்டித் தண்ணீர் நிறுத்துவதில் அவரைப் போலப் பிடிவாதக்காரர் கிடையாது. தண்ணீர் குடிக்காத தரை தரையே இல்லை என்று சண்டைக்குப் போவார். அந்தப் பிடிவாதம்தான் கடைசியில் ஆன்தோனெத் அம்மா தலையில் கல்லைப் போட்டது.

ஆன்தோனெத் அம்மா தருமபுரத்தில் தனியாக இருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஊர் திரும்பி, இந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். ஒரே மகள் சோஃபி பாரிஸில். வழவழ டைல்ஸில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததும் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

"இன்னொரு தடவ விழுந்தா எழுந்திருக்க மாட்டம்மா. என்கூட வந்துடு."

அங்கே போனால் முதியோர் இல்லம்தான். விடிந்தால் வேலைக்கு ஓடுகிறவள் வேறென்ன செய்வாள், பாவம்? அம்மா அழுது அடம்பிடித்தார். "எம் வீட்டுலயே கெடந்து சாவுறேன், விடுடி." விழுந்தாலும் எலும்பு தப்பிக்கிற மாதிரி மெத்தென்ற தரை போட்டுவிட்டால் இங்கேயே இருக்கலாம் என்று ஒருவழியாக மகள் இறங்கி வந்தாள்.

அந்தத் தரைதான் தக்கை. சோமசேகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாட்டில் அடைக்கிற தக்கையாம்மா? அதுலயா நடப்பாங்க?"

"ஆமாண்ணே. மரத்த வெட்ட மாட்டாங்க, பட்டைய மட்டும் உரிப்பாங்க. பட்டை திரும்ப வளந்துடும். மரம் பாட்டுக்கு நிக்கும்," என்றாள் சோஃபி. "ஒண்ணே ஒண்ணு. கீழ ஈரம் இருக்கவே கூடாது."

அவள் வரவழைத்திருந்த தக்கைப் பலகை ஒன்றைச் சோமசேகரன் விரலால் அமுக்கிப் பார்த்தார். இதமாக உள்ளே போய்த் திரும்பி எழுந்தது. பிடித்துப்போயிற்று.

டைல்ஸைப் பெயர்த்துப் புதுசாகச் சிமெண்ட் பூசி மட்டம் பார்த்தார். ஈரம் கூடாது என்றது தக்கைக்குத்தானே, சிமெண்டுக்கு இல்லையே! அம்மா நடக்கப்போகிற இடம், வெடிப்பு விடக்கூடாது என்று எப்போதும் நிறுத்துவதைவிடக் கூடுதலாகவே தண்ணீர் நிறுத்தினார். வடித்த பிறகு ஃபேனைப் போட்டுக் காய விட்டு, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. பசை தடவிப் பலகைகளை ஒட்டிவிட்டார். உள்ளே குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று அந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லையே!

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று காலையில் போய்க் கதவைத் திறந்தார். ஹால் முழுக்கப் பலகைகள் பொரித்த அப்பளம் மாதிரி விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் அடியில் பசை கொழகொழவென்று வந்தது. அரிசி மூட்டை, அம்மிக்கல், ட்ரங்குப் பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி மேலே வைத்தார். ஒரு மூலை படிந்தால் இன்னொரு மூலை எழுந்தது. "படிஞ்சு தொலையேன், உன் கால்ல விழுறேன்" என்று தரையிடம் கெஞ்சினார். வாசலில் கார் வந்து நின்றது.

ஓடிப்போய்க் கதவை மறித்தார். "உள்ள வராதீங்கம்மா, கால் தட்டிடும். நான் கெடுத்துட்டேன்."

சோஃபி எட்டிப் பார்த்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தார். அவள் குனிந்து ஒரு பலகையின் அடியில் விரல் விட்டுப் பார்த்தாள். "இது காய மாசக்கணக்கா ஆவுமேண்ணே. ஞாயித்துக்கெழம எனக்கு ஃப்ளைட்டு."

"காயுற வரைக்கும் அம்மா எங்க வீட்டுல இருக்கட்டும்மா. நானும் எம் பொண்டாட்டியும் கண்ணுல வச்சுப் பாத்துக்குறோம். கூட்டிட்டுப் போயிடாதீங்க!"

"உங்க வீட்டுல என்ன தரைண்ணே?"

சோமசேகரன் வீட்டிலும் டைல்ஸ்தான். முகம் தெரிகிற மாதிரி அவரே பார்த்துப் பார்த்துப் போட்டது.

ஆன்தோனெத் அம்மா வாக்கரை ஊன்றி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படிக்கு உள்ளே எழும்பாமல் கிடந்த ஒரே பலகையில் வெறுங்காலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"மெத்துனு இருக்கு சோமு," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "எம் பொட்டியக் கட்டுடி."