மணிக்கட்டும் எலுமிச்சம்பழமும்

எனக்குச் சும்மா உட்கார வராது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், சொட்டுகிற குழாயை மூடிவிட்டு வருவேன். உட்கார்ந்தால் காலாட்டுவேன். காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் அம்மா தொடையில் தட்டித் தட்டியே ஓய்ந்துபோனாள். "காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்பது எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பட்டம். இப்படிப்பட்டவளுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு நூல் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலி. வேடிக்கை பார்க்கக் கடவுளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போல.

சூரமங்கலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், ரோட்டோர மணலில் ஸ்கூட்டி சறுக்கி ஒருநாள் விழுந்தேன். விழுந்த வேகத்தில் இடது கையை ஊன்றிவிட்டேன். விழுகிற எல்லோரும் செய்வது அதைத்தான். மூளை யோசிப்பதற்குள் கை முன்னால் போய்விடும். மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த காலம் எதிரிக்கும் வரக்கூடாது. கட்டுக்குள் அரிக்கும், சீப்பின் காம்பை விட்டுச் சொறிவேன், அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பேன். கட்டைப் பிரித்தபோது எலும்பு டாக்டர் சொன்னார்:

"இதே எடத்துல மறுபடி ஒடைஞ்சா ஆபரேஷன்தான்மா. அதுக்கப்புறம் கை முழுசா மடங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

பக்கத்தில் நின்ற என் கணவர் அதை என்னைவிட நன்றாகக் கேட்டுக்கொண்டார். 'பட்ட காலிலே படும்' என்று அம்மா வேறு அடிக்கடி நினைவுபடுத்தினாள். அன்றிலிருந்து வாளியைத் தூக்கினால்கூட வீட்டில் யாராவது ஓடி வந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது.

அந்த நேரத்தில்தான் சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனோம். மண்டப வாசலில் ஒருவர் இரண்டு ஸ்பிரிங் கால்களைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் மாதிரி ஒன்றில் பாதத்தை நுழைத்து, முழங்காலுக்குக் கீழே பட்டையால் இறுக்கியிருந்தார். குதிகாலுக்குப் பின்னால் வில்லாக வளைந்த பட்டை, கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் பாதம். மாப்பிள்ளை கார் வந்ததும் அவர் குதித்தார் பாருங்கள், வாழைமரத் தோரணத்தின் உயரத்துக்குத் தலை போய் வந்தது. நான் பந்திக்குப் போகவில்லை. அவர் ஒரு டெம்போவில் உட்கார்ந்து பட்டைகளைக் கழற்றும்வரை காத்திருந்து, போய்ப் பேசினேன்.

"நிக்கறப்ப ஏன் ஆடிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இதுல அசையாம நின்னா விழுந்துருவேன்க்கா. அடி மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டே இருக்கணும்."

அசையாமல் நின்றால் விழுந்துவிடும் ஒரு பொருளை யாரோ செய்து வைத்திருக்கிறார்கள், நாற்பதை நெருங்கும் வயதில்தான் அது எனக்குத் தெரிய வருகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் புதிய ஜோடி வாங்கவிருந்தார். என் எடையைக் கேட்டு, பழைய ஸ்பிரிங் அதைத் தாங்கும் என்று உறுதி சொல்லி, கொஞ்ச நாளில் அதை எனக்கே தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கைப் பிரித்ததும் என் கணவர் அதை நிமிர்த்தி, வளைத்து, தட்டிப் பார்த்தார்.

அவருக்குச் சேலம் ரோட்டில் ஒரு பட்டறை. போர்வெல் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. இரும்பைத் தவிர வேறெதையும் அவர் முழுசாக நம்புவதில்லை. வேண்டாம் என்று அவர் என்னிடம் எதற்கும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

"ஏறிக்க. ஆனா கைக்கு நல்ல தடுப்பு இல்லாம ஏறக்கூடாது. மறுக்கா அந்தக் கை ஒடைஞ்சுதுன்னா, இது ரெண்டையும் நானே அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்" என்றார்.

"சரிங்க" என்றேன். எனக்கு அவசரம். அப்போது எதற்கும் சரி என்று சொல்லியிருப்பேன்.

மறுநாளே கிளம்பினேன். முதலில் ஒரு மருந்துக்கடை. சுளுக்குக்குப் போடும் துணிப்பட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டைவிரலுக்கு ஓட்டை, ஒட்டுப் பட்டை, உள்ளே மெத்தென்று இருந்தது. போட்டுக்கொண்டு கடையின் கவுண்டர் மேல் உள்ளங்கையை வைத்து என் எடையை அழுத்திப் பார்த்தேன். மணிக்கட்டு எந்தத் தடையும் இல்லாமல் பின்னால் மடங்கியது.

"கண்ணாடிங்க, ஒடைஞ்சுரும்" என்றார் கடைக்காரர்.

"என்ற கையும் ஒடையுமுங்க" என்று சொல்லிவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன். சூடு கொடுக்கிற பட்டைக்கும் அடி தாங்குகிற கவசத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று அந்தக் கவுண்டரில்தான் தெரிந்துகொண்டேன்.

சேலத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் எடை தூக்குகிறவர்கள் சுற்றிக்கொள்ளும் நாடாவைக் காட்டினார்கள். அது மணிக்கட்டைப் பிடிக்கும், உள்ளங்கைக்கு ஒன்றும் இல்லை. ஸ்கேட்டிங் போகிறவர்களின் கவசம் கேட்டேன். குழந்தைகள் அளவு மட்டும் இருந்தது, என் நான்கு விரல்தான் நுழைந்தது. ஆனால் அதைத் திருப்பிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. உள்ளங்கைப் பக்கம் வளைந்த பிளாஸ்டிக் தகடு ஒன்று, புறங்கைப் பக்கம் ஒன்று. உள்ளங்கைத் தகடு வழவழவென்று இருந்தது. ஏன் வழவழப்பு என்று கேட்டேன். அது அப்படித்தான் வரும் என்றார்கள்.

பிறகு ஆன்லைனில் தேடினேன். கண்ணளவில் 'மீடியம்' என்று போட்டேன். வந்தது வளையல்போலக் கையைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளங்கையில் இருக்க வேண்டிய தகடு கையின் பக்கவாட்டுக்கு வந்து நின்றது. திருப்பி அனுப்பிவிட்டு, இன்ச் டேப்பால் விரல்முட்டிகளைச் சுற்றி அளந்து, அடுத்த அளவு வாங்கினேன். வலது கைக்குக் கச்சிதம். இடது கையில் லொடலொட. கட்டுப் பிரித்த கை மெலிந்துபோயிருந்ததை நான் யோசிக்கவேயில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறாமல் செய்த காரியம் இந்தப் பிறவியில் ஒன்றும் இல்லை. அந்த ஜோடியும் திரும்பிப் போனது. சாக்கில் கிடந்த ஸ்பிரிங் கால்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"விடு புள்ள, நானே செஞ்சு தாரேன்" என்றார் என் கணவர்.

செய்தார். பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, பாடி கட்டும் இரும்புத் தகட்டில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, தோல் வைத்து ரிவெட் அடித்து, பிரைமர்கூட அடித்திருந்தார். விரல் நுனிக்குச் சற்று முன்னே ஆரம்பித்து முழங்கைக்குப் பாதி தூரம் வரை நீண்டது. வளைகிறதா என்று பார்க்க அதன் மேல் லாரிச் சக்கரத்தை ஏற்றியிருக்கிறார். சக்கரத்தின் தடம் பெயிண்டில் லேசாகத் தெரிந்தது.

"லாரியே ஏறிப் போச்சு. ஒண்ணும் ஆவல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பட்டறை வளாகத்தில், காலில் ஸ்பிரிங் கட்டாமல், பழைய மெத்தை மேல் விழுந்து பழகிப் பார்த்தேன். கவசம் கல்லாக நின்றது. மணிக்கட்டு அசையவில்லை. ஆனால் தகடு முடிகிற இடத்தில், முன்கையின் நடுவில், சுரீரென்று இறங்கியது. கழற்றிப் பார்த்தால் கோடு போட்டாற்போலச் சிவந்திருந்தது. மறுபடி விழுந்தேன். அதே இடம். அவரிடம் சொல்லாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டுப் பிரித்த பிறகு எனக்குக் கைப்பயிற்சி கொடுத்த பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். கவசத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் முன்கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அடி எங்கியாவது போய்த்தான் ஆகணும்ங்க. இது கொஞ்சங்கூட வளையாதுல்ல, அதனால தகடு முடியற எடத்துல மொத்தமா எறங்குது. மணிக்கட்டுக்குப் பதிலா முன்கை ஒடையும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

தகடு கொஞ்சமாவது வளைந்து கொடுக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் வழுக்க வேண்டும், ஏனென்றால் தரையில் பட்ட கை ஒரே இடத்தில் ஊன்றி நிற்காமல் முன்னால் சறுக்கிப் போனால் அடியின் வேகம் குறையும். விரல்கள் மடங்க வேண்டும். கை மேலும் கீழும் நழுவாத அளவுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டு கைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். முழங்காலுக்கும் கவசம் போட்டு, முதலில் முழங்கால் விழ, பிறகு கை போகப் பழக வேண்டும். இவ்வளவும் செய்தாலும் எலும்பு உடையவே உடையாது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, என் மனம் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

மறைத்து வைக்க என்னால் முடியாது. மறைக்கவும் பொறுமை வேண்டும். அன்று சாயங்காலமே என் கணவரிடம் சட்டைக் கையைச் சுருட்டிச் சிவந்த கோட்டைக் காட்டினேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார், தான் செய்த கவசத்தைப் பார்த்தார்.

"செரி" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்தச் 'செரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் முழங்காலுக்கு ஒரு ஜோடி கவசம் வாங்கினேன். கைக்கு அளந்து அளந்து, வலதுக்கு ஒரு அளவும் இடதுக்கு ஒரு அளவுமாக இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். போட்டு, முஷ்டி பிடித்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்து மொத்த எடையையும் சாய்த்தேன். தகடு லேசாக வளைந்தது, மணிக்கட்டு ஓரளவுக்கு மேல் போகவில்லை. மெத்தையில் பத்து நாள் போல விழுந்து பழகினேன். முழங்கால், பிறகு கை. முன்கையில் கோடு விழவில்லை. அவர் தூரத்தில் நின்று வெல்டிங் வேலையைக் கவனிப்பதுபோலக் கவனித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறைக்கு லீவு. அன்றுதான் முதல்முறையாக ஸ்பிரிங் காலைக் கட்டப்போகிறேன். ஒரு லாரியின் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து பட்டைகளை இறுக்கினேன். கவசங்களை மாட்டினேன். அப்போது அவர் கையில் கற்பூரத்தட்டோடு வந்தார். தட்டில் இரண்டு எலுமிச்சம்பழம்.

எங்கள் பக்கத்தில் புது வண்டி பட்டறையை விட்டு வெளியே போகும்போது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் நகர்த்துவார்கள். அவர் கட்டிய எந்த லாரியும் பழம் நசுக்காமல் வாசலைத் தாண்டியதில்லை. கற்பூரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, குனிந்து, என் இரண்டு ரப்பர் பாதத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழமாக வைத்தார்.

லாரிக்குச் சக்கரம் நிறைய, என்னிடம் இருப்பது உள்ளங்கை அகலத்தில் இரண்டே இரண்டு பாதம், கீழே சிமெண்ட் தரை, பழத்தில் சாறு. எல்லாம் எனக்குத் தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் செய்து தந்த கவசத்தை வேண்டாம் என்றவள் நான். பழத்தையும் எப்படி வேண்டாம் என்பேன்?

"ஏறி மிதி" என்றார். அந்தச் 'செரி'க்குப் பிறகு அவர் மனசார என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

எழுந்து மிதித்தேன். வலது பாதத்தின் கீழ் பழம் பிதுங்கியது. அடுத்த நொடி ரப்பர் வழுக்கி, கால் பின்னால் போய், தரை என்னை நோக்கி வந்தது. மூளை யோசிப்பதற்குள் கைகள் முன்னால் போயின. முழங்கால் மோதியது, பிறகு இரண்டு உள்ளங்கையும். கரகரவென்று பிளாஸ்டிக் சிமெண்டில் தேய்கிற சத்தம். நான் முன்னால் சறுக்கிப் போய் நின்றேன்.

அவர் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கற்பூரம் எங்கேயோ உருண்டு எரிந்துகொண்டிருந்தது. என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, இடது கையின் பட்டையைப் பிரிக்கப் பார்த்தார். லாரி லாரியாக போல்ட் முடுக்குகிற விரல்கள், ஒரு ஒட்டுப் பட்டையைப் பிரிக்க முடியாமல் நடுங்கின. நானே பிரித்துக் கொடுத்தேன்.

"மடக்கு" என்றார். மடக்கினேன்.

"நீட்டு." நீட்டினேன்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாத புள்ள."

"நெசமா இல்லீங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிக் கவசத்தைத் திருப்பிக் காட்டினேன். உள்ளங்கைத் தகடு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல். அவர் அந்தக் கீறல்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, தகடு முடிகிற இடம் வரை. அங்கே என் முன்கையில் எதுவும் சிவந்திருக்கவில்லை.

"பழத்தை நாந்தான வெச்சேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு மறுபடி என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மறுக்கா மடக்கிக் காட்டு."

மடக்கினேன். நீட்டினேன். அவர் விடவில்லை. வெயில் ஏறியது, முழங்கால் கவசத்துக்குள் கடுத்தது, ஸ்பிரிங் காலோடு தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்ததில் இடுப்பு வலித்தது. எழுந்துகொள்ளலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் விரல்களில் நடுக்கம் நிற்கும்வரை, கையை அவரிடம் கொடுத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் எழுந்து போய், நசுங்கிய பழத்தைப் பொறுக்கி எறிந்தார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அந்த இடத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார். காயும்வரை நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அழுத்தித் தேய்த்து, வழுக்குகிறதா என்று பார்த்தார். அதன்பின் என் முன்னால் வந்து நின்று, பிடித்துக்கொள்ளத் தன் தோளைக் கொடுத்தார்.

"எந்திரி" என்றார். "இப்பக் குதி."