உரிக்காமல் விட்ட கவர்

என் லேப்டாப்பின் திரை போய்விட்டது. போன லீவில் வந்த என் கணவர் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கி அதில் மாட்டிவிட்டு, அன்றைக்கே குவைத்துக்குக் கிளம்பினார். "இனிமே இதுல பேசு, மூஞ்சி பெருசா தெரியும்" என்றார்.

வீடியோ காலில் அவர் முகம் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் புகைக்குள் உட்கார்ந்திருப்பவரைப் போல மங்கலாக. ஒயரைக் கழற்றி மாட்டினேன். செட்டிங்கில் ரெசல்யூஷனைக் கூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. "மட்டமானத வாங்கியாந்துட்டீங்க" என்று அவரிடமே எரிந்து விழுந்தேன்.

கடைசியில் திருக்கோவிலூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். திரையை விரலால் தடவிய அவர், "இன்னாக்கா, கவர உரிக்காமலே பாத்துக்கினு இருக்கீங்க?" என்றார்.

எங்கள் வீட்டில் புதுச் சாமானின் பிளாஸ்டிக் கவரை லேசில் உரிக்க மாட்டோம். ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் அப்படியே இருக்கிறது. இதை அடுத்த லீவில் அவர் கையாலேயே உரிக்கட்டும் என்று விட்டிருந்தேன். அதில் தூசியும் குமிழும் ஏறியதை நான் கவனிக்கவே இல்லை.

மெக்கானிக் போனதும் நானே உரித்துவிட்டு என் கணவரைக் கூப்பிட்டேன். காதோரம் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "நல்லா சாப்பிடறேன்" என்று தினமும் சொன்ன மனிதர்.

"இப்போ தெளிவா தெரியிதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, மங்கலாதான் இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

அப்படிச் சொன்னால் வந்துவிடுவார் என்று நம்புகிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆனாலும் சொன்னேன்.