சுவருக்கு இந்தப் பக்கத்துக் காளான்

என் அக்கா அர்லீனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வெர்மான்ட்டின் இந்த மலைச்சரிவில் அவளைப் போல மேப்பிள் பாகு காய்ச்ச ஆள் கிடையாது, அதை நான் யாரிடமும் சொல்லுவேன். அறுபத்தெட்டு வயதிலும் மார்ச் மாதப் பனியில் முழங்கால் புதைய நடந்து, மரத்துக்கு மரம் சாறு வடிக்கக் குழாய் மாட்டுவாள். உதவிக்கு யாரும் வரக்கூடாது. வந்து மாட்டினாலும் அதைக் கழற்றித் தானே மறுபடி மாட்டுவாள்.

அப்பா காட்டைப் பிரித்தபோது நடுவில் கிடந்த கல்சுவரையே எல்லையாக்கினார். மேல்பக்கம் அவளுக்கு, கீழ்ப்பக்கம் எனக்கு. ஜூலை மழை விட்டதும் இரண்டு பக்கமும் மஞ்சள் காளான் முளைக்கும். வெண்ணெயில் வதக்கித் தின்றால் கோழிக்கறி தோற்றுப்போகும். எங்கே பறித்தாய் என்று மட்டும் இங்கே யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். சம்பளம் கேட்பதைவிட அது மரியாதைக் குறைவு.

சில வருடங்களுக்கு முன்பு, பாகு இன்னும் நிறைய வேண்டும் என்று அக்கா தன் பக்கத்து ஹெம்லாக், பீச் மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளினாள். மேப்பிள் மட்டும் நின்றது. மறு கோடையில் காளான் குறைந்தது. அதற்கடுத்த கோடையில் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. என் பக்கம், ஹெம்லாக் அடியில், வழக்கம்போலக் கொட்டிக் கிடந்தது. அவளுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. விடிவதற்குள் நான் சுவரேறி வந்து அவள் காளானைத் திருடிப் போகிறேனாம்.

மரம் பார்க்க வந்த வனத்துறைக்காரரை நானே அவள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மனிதர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு மரமும் தன் வேரில் தனக்கு ஒத்துப்போகிற பூஞ்சையைக் குடிவைத்துக்கொள்ளுமாம். ஹெம்லாக்கும் பீச்சும் சோறு போட்டு வளர்க்கிற பூஞ்சைதான் மேலே மஞ்சள் காளானாக வரும். மேப்பிள் வேரில் இருப்பது வேறு இனம், அது காளானே விடாது. மேலே மரம் மாறினால் கீழே மண்ணுக்குள் இருக்கிற கூட்டமும் மாறிவிடும் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டு, அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, இப்படிச் சொல்ல என் தங்கை உங்களுக்கு என்ன கொடுத்தாள் என்று விசாரித்தாள்.

அதிலிருந்து மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்காரமாட்டாள். ஒருநாள் கூடை நிறையக் காளான் எடுத்துக்கொண்டு போனேன்.

"என் சாமானையே எனக்குத் தானம் பண்றியா நோயெல்லா?" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பிறகு கல்சுவர் ஓரமாக நாற்காலி போட்டுக் காலையில் காவல் இருக்க ஆரம்பித்தாள். முதலில் ஊர் அவளைப் பார்த்துச் சிரித்தது. போகப்போக என்னை ஒரு மாதிரி பார்த்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கடையில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். செய்யாத திருட்டை இல்லையென்று எப்படி நிரூபிப்பது? யோசித்து யோசித்து எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது.

இந்த ஜூலையில் பொறுமை விட்டுப்போய், மோட்டார் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனேன். அவள் நாற்காலியில்தான் இருந்தாள்.

"நல்லா பாத்துக்கோக்கா. என் ஹெம்லாக்கையும் வெட்டிடறேன். ரெண்டு வருஷத்துல இங்கயும் ஒண்ணும் முளைக்காது. அப்பவாவது நான் திருடி இல்லன்னு நம்புவியா?"

நான் ரம்பத்தை ஓடவிட்டு மரத்தை நெருங்கினேன். பட்டையில் வைப்பதற்குள் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். சுவரை எப்படித் தாண்டினாள் என்றே தெரியவில்லை. எந்தக் கல் ஆடும், எதில் கால் வைக்கலாம் என்று பழகினவர்கள்தான் அவ்வளவு வேகமாக வரமுடியும். ரம்பத்தை நிறுத்தினேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"வெட்டாதடி," என்றாள். "இதுவும் போச்சுன்னா நான் எங்க வந்து பறிப்பேன்?"