மூணாம் நம்பர் குழாய்

“சார், மூணாம் நம்பர் குழாயோட பழைய நோட்டக் குடுங்க.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் எனக்கு நடந்தது அப்படி. கதை விடுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பவைக்க எனக்கு நேரமில்லை.

நான் புவனேஸ்வரி. கல்லுடைக்கிற ஆளின் மகள். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியது நான்தான். ஜியாலஜி.

அரிமளம் தாண்டி ஒரு பழைய கல்குவாரி. நாலு வருஷத்துக்கு முன் பள்ளத்தைக் கழிவுக்கல்லும் மண்ணும் கொட்டி மூடி, மேலே மரக்கன்று நட்டுவிட்டார்கள். அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று வாராவாரம் அளப்பது என் வேலை. ஏழு குழாய்கள். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விடவேண்டும். நனைந்த இடம் கறுத்துப்போய் வரும். அதுதான் அளவு.

“மூணாம் நம்பரத் தொறக்காதம்மா. போன வார நம்பரையே போட்டுரு. எல்லாரும் அப்படித்தான்,” என்றார் சூப்பர்வைசர் ஆவுடையப்பன்.

மூன்று வாரம் போட்டேன். 14.20 மீட்டர். நாலாவது வாரம், குவாரி ஒழுங்காக மூடப்பட்டது என்கிற கடைசி அறிக்கையில் என் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அளக்காத குழாய்க்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?

கேட்டில் வாட்ச்மேன் ராக்கன் சொன்னார். “அஞ்சரைக்குப் பூட்டிருவேன்.”

“நான் உள்ள இருந்தாலுமாண்ணே?”

“இருந்தாலும்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

5:02. மூணாம் நம்பர் மூடியைத் திறந்தேன். 14.20. அட, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தடவை அளக்கணும், இரண்டும் ஒத்துப்போகணும். அதுதான் முறை.

5:09. 13.05.

ஏழு நிமிஷத்தில் ஒரு மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது. மழை பெய்து ஒரு மாசம் ஆச்சு.

5:16. மூன்றாவது தடவை விட்டேன். டேப் பாதியில் நின்றது. இழுத்தேன். கீழேயிருந்தும் யாரோ இழுத்தார்கள்... ஒரே ஒரு தடவை. பிறகு விட்டுவிட்டார்கள்.

மேலே எடுத்துப் பார்த்தேன். டேப்பில் தேய்த்த சாக்பீஸ் மேல் ஒரு பக்கம் நாலு விரல் தடம். மறுபக்கம் கட்டைவிரல்.

அது இரண்டு இஞ்ச் குழாய். என் முஷ்டியே நுழையாது.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்பா வேலை பார்த்த குவாரியில், வெடி வைக்கிற விசில் ஊதியதும் பள்ளத்தில் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் சுத்தியலால் கல்லில் மூன்று தட்டு தட்டுவார்கள். ‘நான் இருக்கேன்.’ மேலே நிற்பவர் பதிலுக்கு ஒரு தட்டு. ‘கேட்டுச்சு.’

ஓடினேன்.

5:32. கேட்டில் பூட்டு. ராக்கனின் சைக்கிள் இல்லை. போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் இரண்டாள் உயரத்துக்கு வேலி, உச்சியில் முள்கம்பிச் சுருள்.

சந்து கிடைக்குமா என்று வேலியோரமாக நடந்தேன். சத்தமும் கூடவே வந்தது. குழாயிலிருந்து இல்லை. என் காலுக்கு நேர் கீழே.

நின்றேன். அதுவும் நின்றது.

நடந்தேன்.

டக்... டக்... டக்.

6:20. இருட்டிவிட்டது. ஒரு சுற்று முடிந்து மறுபடியும் கேட்டில் நிற்கிறேன். வழியே இல்லை.

உள்ளங்காலில் அதிர்ந்தது.

வேகமாக... இன்னும் வேகமாக...

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யாருமே பதில் சொல்லவில்லையா இதுக்கு?

ஒரு கல்லை எடுத்தேன். தரையில் கிடந்த பாறையில் ஓங்கித் தட்டினேன்.

ஒரே தட்டு.

நின்றுவிட்டது.

6:41. டார்ச் வெளிச்சம். ராக்கன். பூட்டில் சாவி போட்டுக்கொண்டே கேட்டார்.

“தட்டுனது நீயா ஆத்தா?”

“ஆமா.”

“வீடு வரைக்கும் கேட்டுச்சு,” என்றார். அவர் வீடு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்.

மறுநாள் காலை திருக்கோகர்ணத்தில் எங்கள் ஆபீஸ். நோட்டைக் கேட்டதும் ஆவுடையப்பன், “அது தொலஞ்சு போச்சும்மா,” என்றார். சொல்லும்போதே அவர் கண் பீரோவுக்குப் போனது. நானே திறந்து எடுத்தேன்.

முதன்முதலில் இந்த வேலையில் இருந்த ஷர்லி எழுதியது. நாலு வாரத்தில் வேலையை விட்டவள். நோட்டு அட்டைக்குள் ஒரு தாளை ஒட்டி மறைத்திருந்தாள். பிரித்தேன். பள்ளத்தை மூடிய அன்றைய ஆள் பதிவு. இறங்கியவர் பன்னிரண்டு. ஏறியவர் பதினொன்று. இருளாயி என்ற பேருக்கு நேரே, இறங்கும்போது வைத்த கைநாட்டு இருந்தது. ஏறும் கட்டம் காலி.

நோட்டின் முதல் பக்கம்:

‘மூடி ஒன்பதாம் நாள். தண்ணீர் இல்லை. உள்ளே மூன்று தட்டு.’

பக்கத்தில் ‘பார்வையிட்டேன்’ என்று எழுதி ஆவுடையப்பன் கையெழுத்து.

ஒன்பதாம் நாள் தட்டியது உயிரோடு இருந்த இருளாயியா, இல்லை நேற்று நான் கேட்டதா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடாத அறிக்கையை மேசையிலேயே வைத்தேன். நோட்டையும் தாளையும் பையில் போட்டேன்.

“எங்கம்மா போற? அது ஆபீஸ் நோட்டு!”

அவர் மேசையில் விரல் முட்டியால் தட்டினேன்.

ஒரே தட்டு.

அவர் முகம் வெளுத்தது. போலீஸ் ஸ்டேஷன் போகிற டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.