அணைத் தண்ணீரில் நானூறு பாட்டு

எரியாத ஒரு பொருளைத் தண்ணீரில் எறிந்து அணைத்த மடையன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். அதுவும் நின்ற இடத்திலிருந்து எறியவில்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் எறிந்தேன். வெம்பக்கோட்டை அணையின் அடியில் இன்றைக்கும் நானூறு பாட்டு கிடக்கிறது. மீன்கள் கேட்கின்றனவா என்று தெரியாது. அப்போது நான் நாலாம் வகுப்பு என்பதைத் தவிர என் தரப்பில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

தாயில்பட்டிப் பக்கம்தான் எங்கள் ஊர். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, வாடகைக்கு வேன் ஓட்டினார். அந்த வேனில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது: சிடி மாற்றுவது. ஜிப் வைத்த கறுப்புப் பையில் நாற்பது சிடி இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் மாமா பேனாவால் எழுதியிருப்பார்: ‘சாமி’, ‘கல்யாண ட்ரிப்’, ‘தூக்கம் வராம’. நான் ஒன்றை உருவி, வாயால் ஊதி, பனியனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து, டேஷ்போர்டில் இருந்த பாட்டுப் பெட்டியின் வாயில் வைப்பேன். அது ‘சர்ர்’ என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். வட்டமாகத் துடைத்தால் மாமா தலையில் குட்டுவார். வேகத்தடையில் ஏறினால் பாட்டுக்கு விக்கல் வரும். டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும். தட்டும் அதிகாரமும் என்னிடம்தான் இருந்தது. வகுப்பில் கலெக்டர் ஆவேன், டாக்டர் ஆவேன் என்று மற்றவர்கள் சொன்னபோது எனக்கு இரக்கமாக இருந்தது. நான் ஏற்கனவே ஆகிவிட்டிருந்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது என் வேலை போயிற்று. மாமா சிவகாசிக்குப் போய்ப் புது செட் மாட்டிக்கொண்டு வந்தார். அதற்கு சிடி போடும் வாயே இல்லை. சுண்டுவிரல் அளவில் ஒரு குச்சியைச் செருகினார். பென் டிரைவாம்.

“நானூறு பாட்டு, மாப்ளே! துடைக்க வேண்டாம், தட்ட வேண்டாம். நீ சும்மா உக்காந்து வந்தாப் போதும்.”

சும்மா உட்காரச் சொன்னால் எந்த அதிகாரிக்குத்தான் பொறுக்கும்? பழைய சிடிகளை, மயில் விரட்டுவதற்கு மக்காச்சோளக் காட்டில் கட்டித் தொங்கவிடச் சொல்லி, யாருக்கோ கொடுத்துவிட்டார். பையை மட்டும் எனக்குக் கொடுத்தார், பென்ஷன் மாதிரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சூலக்கரையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் பட்டாசுப் பெட்டிகள் கொடுக்கக் கிளம்பினோம், மாமாவும் நானும் மட்டும். முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு, பின்னால் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். புது செட் விக்கலே இல்லாமல் பாடியது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சீசன் ஓட்டத்தில் மாமா நாலைந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அணைப் பக்கம் வந்ததும் ஒரு வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தினார். “பத்தே நிமிசம், மாப்ளே” என்றார். பாட்டைச் சின்னதாக வைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தவர், அடுத்த மூச்சிலேயே குறட்டை விட்டார்.

என் பதவியைப் பறித்தவன் முகத்தைப் பார்க்கலாம் என்று மெதுவாக முன்சீட்டுக்குத் தாண்டினேன். அப்போதுதான் பார்த்தேன். குச்சியின் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு. மினுக்கியது, அடங்கியது, மறுபடி மினுக்கியது. தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் வேலை பார்த்தாள். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கும் வயதில் அம்மா எனக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்தாள்: “செவப்பா ஒரு பொட்டுத் தெரிஞ்சாலும் நின்னு பாக்காத. ஓடு.” பக்கத்து வீட்டில் ஒரு சித்தி இருந்தார். முன்பு அம்மாவோடு ஒரே அறையில் வேலை செய்தவர், பிறகு வேலையை விட்டுவிட்டார். வலது கையை எப்போதும் முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பார். குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் குளிர் ஏது என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு மூளை போதாது.

அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் கால் ஓடத்தான் தயாரானது. ஆனால் பின்னால் பட்டாசுப் பெட்டிகள், பக்கத்தில் மாமாவின் குறட்டை. என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை குச்சியைப் பிடுங்கியது. கதவைத் திறந்து, கரைச் சரிவில் இறங்கி, முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடி, தண்ணீர் காலில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். ‘டுப்’ என்றது. அவ்வளவுதான். புகைகூட வரவில்லை. பிழைத்துக்கொண்டோம் என்று தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு நின்றதால் மாமா விழித்துக்கொண்டார். டவுசர் நனைந்து, மாவீரனாகத் திரும்பி வந்தவனைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். காலி ஓட்டையைப் பார்த்தார்.

“எங்கலே அது?”

“தண்ணில போட்டேன், மாமா. தீப்பிடிச்சிருச்சு.”

“தீயா? லைட்டுலே அது! பாட்டுப் பாடுனா மினுக்கும்லே!”

கரைக்கு ஓடி, இடுப்பில் கைவைத்துத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“பொய் சொல்லாத. சிடி மாத்துற வேலை போச்சுன்னு கடுப்புல எறிஞ்சிட்ட. அப்படித்தானே?”

நான் சாமி மேல் சத்தியம் செய்தேன், படிப்பின் மேல் சத்தியம் செய்தேன். என் படிப்பைப் பற்றி அவருக்குத் தெரியும் என்பதால் அது எடுபடவில்லை. சூலக்கரை போய்த் திரும்பும்வரை மாமா என்னைப் பின்சீட்டிலேயே உட்காரவைத்தார். பாட்டும் இல்லை. பாட்டுப் போனதுகூடப் பரவாயில்லை. இனி எதைச் சொன்னாலும் இந்த மனிதர் என்னை நம்பமாட்டார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டு வாசலில் வழக்கு நடந்தது. அம்மா நின்றாள், பக்கத்து வீட்டுச் சித்தி நின்றார், தெருவில் பாதிப் பேர் நின்றார்கள். மாமா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

“கையிலயா எடுத்த?” என்றாள்.

“ஆமா.”

“சுட்டுச்சா?”

“சுட்டுச்சு.”

“எம்புட்டுத் தூரம் கொண்டு போன?”

“தண்ணி வரைக்கும்.”

விழுந்தது ஓர் அறை. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று விழுந்ததில்லை. மாமா பதறிக் குறுக்கே வந்தார்.

“ஏக்கா, ஒரு பென் டிரைவுக்கா புள்ளையப் போட்டு இப்படி அடிப்ப? விடு, போனாப் போகுது.”

“பென் டிரைவு கெடக்கட்டும்லே. இவன் அதத் தீன்னு நெனச்சுல்ல தூக்கிட்டு ஓடிருக்கான்!”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கன்னம் எரிந்தாலும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மாமா நம்பிவிட்டார். நானூறு பாட்டுக்கு ஒரே ஓர் அறை என்றால் மலிவுதான் என்றும் நினைத்துக்கொண்டேன்.

சித்தி பக்கத்தில் வந்தார். இடது கையால் என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். கைரேகை பார்க்கிறார் போல என்று நினைத்து, “சித்தி, நான் டிரைவர் ஆவனா?” என்று கேட்டேன். அவர் கையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். ரேகை அவ்வளவு மோசம் போலிருக்கிறது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். கம்பெனியில் அம்மாவோடு வேலை செய்த அந்த அறையில், புகைந்த வெடிக்கட்டு ஒன்றை வெளியே எறியலாம் என்று வலது கையில் எடுத்தவர் அவர் என்பது, எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது.

அந்த சீசன் முழுக்க மாமாவே பாடிக்கொண்டு வண்டி ஓட்டினார். இரண்டு பார்ட்டிகள் அதற்காகவே வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது என்னிடம் கார் இருக்கிறது. அதில் சிடிக்கும் இடமில்லை, குச்சிக்கும் வேலையில்லை. நான் ஏறி உட்கார்ந்ததும் பையில் இருக்கிற போனோடு தானாகவே பேசிக்கொண்டு பாடுகிறது. போன மாதம் அம்மாவை உட்காரவைத்து அணைப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனேன். அந்த வேப்பமரத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா, நீ ஓடுன்னு சொன்ன, நான் ஓடத்தான செஞ்சேன்? அதுக்குப் போயி அந்த அடியா?”

அம்மா ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

“வெறுங்கையோட ஓடச் சொன்னேன்.”