வில்மாவின் இடது கண்

சோர்தாஷ் வில்மாவுக்கு இடது கண்ணில் பந்து பட்டது 1986 பிப்ரவரியில். அன்று அவளுக்கு முன்னால் தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவள் நான்.

எங்களுடையது திஸா ஆற்றங்கரை ஊறுகாய்த் தொழிற்சாலையின் ஹேண்ட்பால் அணி. காலை ஆறிலிருந்து பத்து வரை வெள்ளரிக்காயை ஜாடியில் அடுக்குவோம், பிறகு பயிற்சி. வில்மா பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தாள். கோல்கீப்பருக்கு வேண்டிய உயரம் அவளுக்கு இல்லை. ஆனால் எறிபவளின் முழங்கையைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று கண்டுபிடித்துவிடுவாள். அவளால்தான் இரண்டே வருடத்தில் நாங்கள் முதல் பிரிவுக்குப் போனோம். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அவளை அழைத்த கடிதத்தைத் தொழிற்சாலை வாசலில் ஒட்டினார்கள். பந்து பட்டது அதற்கு அடுத்த வாரம்.

"ஓரத்துல கறுப்புத் திரை இறங்குற மாதிரி இருக்குடீ," என்றாள் என்னிடம் மட்டும்.

"டாக்டர்கிட்ட போலாம், வா."

"போனா மாசக்கணக்கா படுக்கப் போட்டுருவாங்க. ஏப்ரல்ல முகாம். முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

ஏப்ரலுக்குள் திரை முழுவதும் இறங்கிவிட்டது. மூன்றாம் நாளே முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். உயரம் பத்தாதாம் என்று ஊரில் சொல்லிவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் விளையாட்டு மருத்துவரின் பரிசோதனை வந்தது. எனக்கு முன்பே முடிந்திருந்தது. கண் பரிசோதனை அட்டையில் இருந்த எழுத்துக்களை உள்ளங்கையில் கிறுக்கிக்கொண்டு வந்து கழிவறையில் வைத்து அவளுக்குச் சொன்னேன். ஜபம் சொல்வதுபோல் மனப்பாடம் செய்தாள். தேறினாள்.

அதன் பிறகு இரண்டு வருடம் அவளுடைய இடது கண் நான்தான். எதிரணிக்காரி இடது பக்கம் வந்தால் "மேல!" "கீழ!" என்று கத்துவேன். தடுப்பில் நிற்பவர்கள் எல்லோரும் கத்துவதுதானே, யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் பயிற்சியாளர் ஓட்டோ, "யோலி, உன் தொண்டைக்குத் தனியா சம்பளம் தரணும்," என்று சிரிப்பார்.

1988 கோடையில் டான்யூப் நதிக்கு அந்தப் பக்கத்துப் பெரிய அணி ஒன்று என்னைக் கூப்பிட்டது.

"போ. இங்க இருந்து என்ன கிழிக்கப்போற?" என்றாள் வில்மா.

"என் இடத்துக்கு வர்றவகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

"சொன்னே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சொல்லாமல் போனேன்.

நவம்பரில் என் புது அணியோடு பழைய அரங்குக்கே ஆட வந்தேன். அதுவரை என்னைப் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தார்கள். உடை மாற்றும் அறையில் புதுப் பயிற்சியாளர் கேட்டார்: "யோலான், இவங்க கோல்கீப்பர்கூட அஞ்சு வருஷம் ஆடியிருக்கியே. எங்க அடிக்கணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவளுக்கு இடது பக்கம். மேல," என்றேன்.

முதல் பாதியிலேயே பதினெட்டு கோல். ஊர்க்காரர்களே கத்தினார்கள்: "ஏய் வில்மா, தூங்குறியா? போ, போய் வெள்ளரிக்கா அடுக்கு!" இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஏழு மீட்டர் தண்டனை எறி கிடைத்தது. பயிற்சியாளர் என்னைக் கை காட்டினார். வில்மா கோட்டில் நின்றாள். வலது கண் என் பக்கம் வரும்படி முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தாள். அவளுக்கு இடது மேல் மூலைக்கு அடித்தேன். அவள் கை அசையவே இல்லை.

ஆட்டம் முடிந்து வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டபோது என் விரல் நுனியைத் தொட்டுவிட்டு அடுத்தவளிடம் போனாள்.

குளிர்காலக் கண் பரிசோதனையில் எழுத்து அட்டையை மாற்றியிருந்தார்கள்; மனப்பாடம் உதவவில்லை. வில்மாவின் ஆட்டம் இருபத்து நான்கு வயதில் முடிந்தது. முழுநேரமும் ஜாடி அடுக்கினாள். தொழிற்சாலையை மூடியதும் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். நான்கு வருடம் ஒரு லாரி ஓட்டுநரோடு இருந்தாள். அவன் வேலைக்கென்று ஆஸ்திரியா போனவன், திரும்பவில்லை.

நான் விவாகரத்தோடும் தேய்ந்த இரண்டு முழங்கால்களோடும் ஊர் திரும்பினேன். சந்தையில் என்னைப் பார்த்தவள், "வந்துட்டியா," என்றாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் சூப் குடிக்கப் போக ஆரம்பித்தேன். பழையதை இருவரும் பேசுவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில், ஜாமுக்குப் பிளம்ஸ் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"வில்மா, அன்னைக்கு இடது பக்கம்னு சொன்னது நான்தான்."

"தெரியும். எல்லாப் பந்தும் ஒரே மூலைக்கு வந்தா கோழிக்குக்கூடப் புரியும்." கத்தியை நிறுத்தாமல் பேசினாள். "அதை விடு. புது இடம், பயந்திருப்பே. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. ஆனா அந்த ஏழு மீட்டர் இருக்கே, அதை வலது பக்கம் அடிச்சிருக்கலாம் யோலி. ஊரே திட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணையாவது புடிச்சிருப்பேன்."

ஜாமைக் கிளறி முடித்தோம். இரண்டு ஜாடி கொடுத்து அனுப்பினாள். அடுத்த ஞாயிறு அவள் கதவு திறக்கவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் திறந்து, "சூப் ஆறுது, உள்ள வா," என்றாள்.

இப்போது வலது கண்ணும் மங்குகிறது. செகெட் நகரத்து மருத்துவர் பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். போன மாதம் பள்ளிக்கூடமும் அவளை நிறுத்திவிட்டது. திங்கட்கிழமைகளில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். யார் ஜெயித்தார்கள் என்று அவள் கேட்பதில்லை. கோல்கீப்பர் எத்தனை பந்தைத் தடுத்தாள் என்று மட்டும் கேட்பாள். பத்திரிகையில் பெரும்பாலும் அது இருக்காது.