யானை இல்லாத ஊர் ஒன்று வேண்டும்

1. பூரம் வீடியோ

ஹனிபா நானா கதிரையிலிருந்து எழுந்த வேகத்தில் மேசையிலிருந்த தேநீர் கவிழ்ந்தது. நொண்டும் காலோடு அவர் மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டது. என் கொம்பியூட்டர் திரையில் நெற்றிப்பட்டம் கட்டிய யானைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. செண்டை மேளம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. நான்தான் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் டிராவல்ஸ் ஒபிஸ். பல வருடங்களாக இங்கே டிக்கட், விசா, குரூப் டூர் எல்லாம் பார்க்கிறேன். இந்திய வம்சாவளி, எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதால் ஆரம்பத்தில் இந்தியா போகிறவர்களை மட்டும்தான் என்னிடம் விடுவார்கள். இப்போது உலகம் முழுக்க என் மேசைக்கு வரும்.

மார்ச்சிலிருந்து மே வரைக்கும் எங்களுக்கு நல்ல சீசன். இங்கே ஸ்கூல் லீவு, வெளிநாடுகளில் வசந்தம். எங்களிடம் வரும் பார்ட்டிகள் பெரும்பாலும் மூன்று விஷயம் கேட்பார்கள்: மிருகம் பார்க்கணும், பழைய இடம் பார்க்கணும், ஏதாவது திருவிழா பார்க்கணும். மூன்றும் ஒரே ப்ரோகிராமில் விழுகிற மாதிரி கேரளாவைச் செய்து வைத்திருந்தேன். திருச்சூர் பூரம், தேக்கடி காடு, பழைய கொச்சி. அந்த குரூப்பில் இரண்டு சீட் மீதி இருந்தது. கலேவெலயிலிருந்து ஒரு ஜோடி வருவதாகச் சொன்னதும் எங்கள் முதலாளி செல்வராஜ் சேர், "அவங்கள கேரளாவுல போட்டு குரூப்ப முடிச்சிருங்க" என்றார்.

கணவர் இறங்கிப்போன பிறகும் மனைவி பரீதா ராத்தா போகவில்லை. கைக்குட்டையால் மேசையைத் துடைத்தார்.

"நீங்க தெரியாமத்தானே காட்டினீங்க தங்கச்சி. போன போகத்துல வயல் காவலுக்குப் போன இடத்துல இவர யானை அடிச்சிட்டு. காலு ஓரளவு சொகமாயிட்டு. ஆனா மனுசன் வீட்டுக்குள்ளேயே ஈக்கிறாரு. தம்புள்ளயில எங்கட கடைக்கும் போறல்ல. பின்னேரம் அசர் தொழுதா கதவு ஜன்னல் எல்லாத்தையும் பூட்டிடுவாரு."

"டொக்டரிட்ட காட்டினீங்களா ராத்தா?"

"கண்டியில காட்டினோம். மருந்து தந்து, கொஞ்ச நாளைக்கி ஊரவிட்டு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னாரு. சித்திரையில நெல்லு முடிஞ்சி யானை ஊருக்குள்ள வார காலம். அந்த நேரத்துல இவர இங்க வெச்சிக்க எனக்குப் பயமா ஈக்கி."

ஈரக் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "முந்தி இவருக்கு மிருகம்னா உசிரு. ஆடு, கிளி, மொசலு, எல்லாம் வளத்த மனுசன்."

2. உலக வரைபடம்

யானை இல்லாத வசந்தத்தைத் தேடுவது லேசான வேலை என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிந்தது, எங்கள் தொழிலில் யானை எவ்வளவு விற்கிறது என்று. தாய்லாந்தில் தண்ணீர்த் திருவிழா நல்லது, ஆனால் ப்ரோஷரின் முதல் பக்கமே யானைதான். நேபாளத்தில் மலைப்பூ பூக்கும் காலம், ஆனால் யானை சவாரியோடு சித்வன் காட்டைச் சேர்க்காமல் யாரும் ப்ரோகிராம் தர மாட்டார்கள். கென்யாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜப்பானில் செர்ரிப் பூவும் உண்டு, கோயில் முற்றத்தில் மானும் உண்டு. அதை ராத்தாவிடம் போனில் சொன்னேன். "சாப்பாடு ஹலாலா, இல்லியான்னு ஒவ்வொரு வேளையும் விசாரிச்சிட்டு நிக்க ஏலாது தங்கச்சி. இவருக்கு அதுவும் ஒரு கவலையாப் போயிடும்" என்றார். அது நியாயமாகப் பட்டது.

துருக்கி அப்படித்தான் வந்தது. ஏப்ரலில் இஸ்தான்புல் பூங்காக்களில் டியூலிப் விழா. பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை. மிருகம்? அங்கிருக்கும் ஏஜென்டிடம் கேட்டேன். பூர்சா நகரத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம் இருக்கிறது, வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து நாரைகள் வந்து வீட்டுக் கூரைகளில் கூடு கட்டும் என்று எழுதியிருந்தான்.

சேர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேருக்காக தனி ப்ரோகிராமா? கேரளா குரூப் என்னாகிறது?"

"கேரளாவுக்கு வேற ஆள் கெடைக்கும் சேர். இவங்களுக்கு வேற ஊரு கெடைக்காது."

"அப்ப ஒரு வேன் நெறைய ஆள் சேருங்க. சேந்தா நீங்களே டூர் லீடரா போங்க. சேரலன்னா விட்டுருங்க."

நோன்புப் பெருநாள் முடிந்தபோது வேன் நிறைந்துவிட்டது. கண்டியிலிருந்து ஒரு பெரிய குடும்பம், உக்குவளையிலிருந்து மூன்று ஆசிரியைகள், பிறகு இவர்கள் இருவரும். இந்தியாவைத் தாண்டி நான் குரூப் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டுகளை மூன்று தடவை எண்ணினேன்.

3. கூரை மேல்

இஸ்தான்புல்லில் ஹனிபா நானா டியூலிப் பாத்திகளைப் பார்த்தார். பள்ளியில் நீண்ட நேரம் இருந்தார். பொழுது சாய்வதற்கு முன் அறைக்குப் போய்விடுவார், திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவார். ராத்தா என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஏரிக் கிராமத்துக்குப் போகும் வழியில் வேனில் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், அங்க என்ன மிருகம் ஈக்கி? ஊருக்குள்ள வருமா?"

"நாரை நானா. கொக்கு மாதிரி, பெருசு. ஊருக்குள்ளதான் இருக்கும்."

"கொக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

கிராமம் சின்னது. கூரைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுள்ளிக் கூடுகள். எல்லோரும் கெமராவோடு இறங்கினார்கள். நானா கடைசியாக இறங்கி வேனின் கதவைப் பிடித்தபடி நின்றார். அப்போது தலைக்கு மேலிருந்த நாரை கழுத்தைப் பின்னால் வளைத்து அலகைத் தட்டத் தொடங்கியது. காய்ந்த மூங்கில் வெடிப்பது போன்ற சத்தம். நானா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டார்.

ராத்தா ஓடிவந்து தோளைப் பிடித்தார். ஆசிரியைகள் கெமராவைக் கீழே இறக்கினார்கள். எனக்கு கேரளா வீடியோவை இங்கே கொண்டுவந்து மறுபடி போட்டுக் காட்டியது போல இருந்தது.

அந்தக் கூட்டுக்கு நேர் கீழே ஒருவன் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். நானாவைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். தேநீரும் கொடுத்தான். எங்கள் வழிகாட்டி எம்ரே ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். நாரையின் எச்சம் விழுந்து காரெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு நாளும் கழுவுகிறானாம். அலுத்துக்கொண்டே சொன்னான்.

நானா மெதுவாக நிமிர்ந்தார். "அப்ப ஏன் கூட்ட கழட்டிப் போடாம ஈக்காரு? கேளுங்க மிஸ்."

கேட்டோம். அவனுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. எம்ரே மறுபடி சொன்னதும் சிரித்தான். "மார்ச்சில் இதுகள் வரப் பிந்தினால் என் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்."

நானா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க ஊருக்கும் வருசா வருசம் வரும்னு செல்லுங்க. நாங்க வெடி போட்டு விரட்டுவோம்."

"என்ன வரும்?" என்றான்.

"யானை."

அவன் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினான். ஹனிபா நானா பேசத் தொடங்கினார். நான் எம்ரேக்குச் சொல்ல, எம்ரே அவனுக்குச் சொல்ல, ஒவ்வொரு வசனமும் அவனிடம் போய்ச் சேரும்வரை நானா காத்திருந்தார். வெடி தீர்ந்துபோனது, யானை மோதிப் பரண் சரிந்தது, காலின் மேல் அதன் மரம் விழுந்தது.

"கிட்ட வந்து நின்டிச்சி. தும்பிக்கையால மூஞ்சிய மோந்து பாத்திச்சி. மூச்சு சுடச்சுட பட்டிச்சி. சாவு வந்துட்டுன்னு நான் கலிமா செல்லிட்டேன். ஒரு மிதி போதும் மிஸ். மிதிக்கல்ல. திரும்பிப் போயிட்டு. ஏன் போனிச்சின்னு எனக்கு வெளங்கல்ல. கண்ண மூடினா அந்த மூச்சுத்தான் வருது."

"இத எனக்குச் செல்லவே இல்லியே நீங்க" என்றார் ராத்தா.

"செல்லி அழத் தெரியல்ல பரீதா."

அந்தக் கடைசி வசனத்தை நான் எம்ரேக்குச் சொல்லவில்லை. அந்த மனிதனும் கேட்கவில்லை. மேலே நாரை மறுபடி அலகைத் தட்டியது. நானாவின் தோள் துள்ளியது. ஆனால் இந்தத் தடவை அண்ணாந்து பார்த்தார். ஜோடி நாரை ஏரிப் பக்கமிருந்து சுள்ளியோடு வந்து இறங்கியது.

அன்று திரும்பும் நேரத்தை நான் தள்ளிப்போட்டேன். ட்ரைவர் முணுமுணுத்தான். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வரைக்கும் நானா அந்த நாற்காலியில் வெளியிலேயே இருந்தார்.

4. பிறகு

நானா முழுக்கச் சுகமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். வயலைத் தம்பிக்கு விட்டுவிட்டார், காவலுக்குப் போவதில்லை. கண்டி மருந்தும் தொடர்கிறது. தம்புள்ளைக் கடையைத் திறந்திருக்கிறார். ராத்தா போன வாரம் போன் எடுத்து, "ஜன்னலத் தொறந்து வெச்சிட்டு தூங்குறாரு தங்கச்சி, நொளம்புக் கடிதான் தாங்க ஏலா" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்கே போக விருப்பம், எந்த மாதம், எத்தனை பேர் என்று எல்லா ஒபிஸிலும் கேட்பார்கள். எதைப் பார்க்க வேண்டாம் என்றும் கேளுங்கள். திரையைத் திருப்பிக் காட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். சிலர் குளிர் என்பார்கள், சிலர் மலைப்பாதை என்பார்கள்.

நேற்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கல்யாணமாகி முப்பது வருடங்களுக்கு மேலாகிறதாம், மாலைதீவுக்கு அழைத்துப் போகப்போகிறேன் என்று உற்சாகமாகச் சொன்னார். மனைவிக்குப் பிறந்த ஊர் கல்முனைப் பக்கம், சுனாமி வந்த கடற்கரை. நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"உங்களுக்குப் பார்க்க வேண்டாம்னு ஏதாவது இருக்கா?"

அவர் கைப்பையின் வாரைச் சுருட்டினார், விரித்தார்.

"கடல்" என்றார்.

அதிபர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். நான் அவர்களுக்குத் தேநீர் எடுத்துவர எழுந்தேன்.